மாவு மூட்டையில் பிறந்த கோடை உடை

மாவு தீர்ந்தபின் மூட்டைத் துணியை நாம் என்ன செய்கிறோம்? அடுப்படியில் கைப்பிடித் துணியாக்குகிறோம். அல்லது வாசலில் கால்மிதியாக இடுகிறோம். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் குடியானவப் பெண்டிர் அத்தகைய மூட்டைகளைக் கொண்டே தமக்கும் தம் பெண்மக்களுக்கும் கோடை உடைகள் தைத்தனர். அவ்வரலாற்றில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்து பயன்கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. அதனை இங்கு ஆராய்வோம்.

மூட்டை உடையான விதம்

அந்நாட்டில் கோதுமை மாவு, சர்க்கரை, கோழித் தீவனம் ஆகியவை நெருக்கமாக நெய்த பருத்திப் பைகளில் விற்கப்பட்டன. பையின் ஓரம் சங்கிலித் தையலால் மூடப்பட்டிருக்கும். நூலின் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் அவிழ்ந்துவிடும். நூறு பவுண்டுப் பையைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 36 அங்குல அகலமும் 44 அங்குல நீளமும் உள்ள துணி கிட்டும். அவிழ்த்த நூலையும் அவர்கள் வீணாக்கவில்லை. சுற்றி வைத்துப் பின்னல் வேலைக்குப் பயன்படுத்தினர்.

தொடக்கத்தில் பைகளின்மீது ஆலையின் பெயரும் சின்னமும் அழுத்தமாக அச்சிடப்பட்டிருந்தன. அந்த மையை நீக்கப் பெண்கள் கொழுப்பையோ மண்ணெண்ணெயையோ தடவி இரவு முழுவதும் ஊறவைத்துத் துவைத்தனர். அவ்வாறு செய்தும் மறையாத எழுத்துக்கள் குழந்தையின் முதுகில் தெரிவதுண்டு. பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கு அது எத்துணை வருத்தம் தந்திருக்கும் என்பதைப் பெற்றோர் அறிவர்.

1920-களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகரின் மாவு ஆலை ஒன்று கட்டம்போட்ட துணியில் மாவை நிரப்பி விற்றது. பின்னர்ப் பிற ஆலைகளும் பூப்போட்ட பைகளை வெளியிட்டன. துவைத்தால் போகும் மையும், எளிதில் உரிக்கத்தக்க காகிதச் சீட்டும் வழக்கிற்கு வந்தன. ஆலைகள் இதனை அறமாகச் செய்யவில்லை. விற்பனை பெருகவே செய்தன. எனினும் 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் கைப்பொருள் இழந்த குடும்பங்களுக்கு அது பேருதவியாயிற்று. வளர்ந்த பெண்ணின் உடைக்கு மூன்று பைகளளவு துணி வேண்டும். ஆதலின் தீவனம் வாங்கச் செல்லும் கணவரிடம் ஒரே பூவேலையுள்ள பைகளைத் தேடிக் கொணருமாறு மனைவியர் சொல்லியனுப்பினர்.

காகித மாதிரியின் துணை

துணி இருந்தால் மட்டும் உடை ஆகிவிடாது. வெட்டும் முறை தெரிய வேண்டும். மாசச்சூசெட்ஸ் மாநிலத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் என்பார் 1863-இல் பல அளவுகளில் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். உடலளவிற்கு ஏற்ற மாதிரியை வாங்கித் துணியின்மேல் வைத்து வெட்டினால் தேர்ந்த தையற்காரரின் கணக்கு வீட்டிற்கே வந்துவிடும். 1927-இல் தோன்றிய சிம்ப்ளிசிட்டி நிறுவனம் எளியோரும் வாங்கத்தக்க விலையில் மாதிரிகளைத் தந்தது. கோடைக்கென வந்த மாதிரிகள் கையில்லாத கவுன், சதுரக் கழுத்துச் சட்டை, தோளில் பட்டி கட்டும் சிறுமியர் உடை எனப் பலவகைப்படும். அவை காற்றோட்டமும் தளர்ச்சியும் உடையவை. வியர்வையை உறிஞ்சும் பருத்திக்குப் பொருத்தமானவை.

ஒரு கணக்கு

மார்புச் சுற்று 24 அங்குலம் உள்ள சிறுமிக்கு நேர்ப்பாங்கான கவுன் வெட்டுவதாகக் கொள்வோம். கோடை உடையாதலால் தளர்ச்சிக்கு 4 அங்குலம் கூட்டுக, 28 ஆயிற்று. முன்பாகத்திற்கு 14, பின்பாகத்திற்கு 14. அமெரிக்க மாதிரிகளில் தையலுக்கு விடும் இடம் வழக்கமாக 5/8 அங்குலம். இருபுறமும் சேர்த்து ஒவ்வொரு பாகமும் 15¼ அங்குலமாகும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 30½ அங்குலம். ஆகவே 36 அங்குல அகலத்தில் அவை அடங்கும். மிச்சமுள்ள 5½ அங்குலத்தைப் பாகங்களின் கீழ் விரிவிற்குப் பங்கிடலாம். உடையின் நீளம் 22 அங்குலம். மடிப்பும் தையலும் சேர்த்து 26 அங்குலம் போதும். எஞ்சும் 18 அங்குலத் துணியில் பையும், கழுத்துப் பட்டியும், இடைக்கச்சும் ஆகும். மடிப்பைச் சற்று அகலமாக விட்டால் சிறுமி வளரும்போது பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

வெட்டுமுன் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, துணியை நனைத்து உலர்த்துக. பருத்தி சுருங்கும் இயல்பினது. இரண்டாவது, உடையின் நீளம் பாவு நூல் ஓடும் திசையில் அமையட்டும். மூன்றாவது, எல்லாப் பாகங்களையும் பரப்பி, இடம் போதுமென உறுதி செய்தபின்னரே கத்தரியை எடுக்க.

கற்பித்தவர் யார்?

1914-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஸ்மித்-லீவர் சட்டத்தின்படி விவசாயக் கல்லூரிகளின் அறிவு கிராமங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டது. உழவருக்குப் பயிர்த்தொழில் கற்பித்தது போலவே, பெண் ஊழியர்கள் ஊர்தோறும் சென்று தையலும் வெட்டும் கற்பித்தனர். நம் நாட்டில் 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டமும் இத்தகைய விரிவாக்க முறையை மேற்கொண்டதேயாகும். கிராம சேவிகைகளும் மாதர் சங்கத் தையல் வகுப்புகளும் அவ்வழி வந்தவை.

1950-களில் மலிவான காகிதப் பைகள் பெருகப் பருத்திப் பைகள் குறைந்தன. எனினும் 1959-இல்கூடக் கன்சாஸ் மாநிலப் பெண்மணி ஒருவர் பருத்திப் பைத் தையல் போட்டிக்கெனத் தைத்த உடை அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. பைகள் வழக்கொழிந்தபோது வெட்டத் தெரிந்தவர் கடைத்துணி வாங்கி வெட்டினர். கற்ற கைத்திறன் பையோடு போகவில்லை.

நமக்குரிய பாடம்

நாம் பார்வையிட்ட ஊராட்சி ஒன்றில் நான்கு தையல் இயந்திரங்கள் இருந்தன. மூன்று உறையிட்டபடியே கிடந்தன. காரணம் வினவினோம். “ஐயா, ஓரம் அடிக்கத் தெரியும்; வெட்டத் தெரியாதே. பட்டணத்தில் கூலி கொடுத்து வெட்டிக்கொண்டு வருகிறோம். பஸ் செலவு போக மிஞ்சுவது என்ன?” என்று அங்கிருந்த அம்மையார் ஒருவர் விடையளித்தார். குறை அவருடையதன்று. இயந்திரம் வழங்கியதோடு கடமை முடிந்ததென எண்ணிய நம்முடையதே.

எனவே இயந்திரம் கோரித் தீர்மானம் இயற்றும் பஞ்சாயத்து, வெட்டுக் கற்பிக்கும் ஆசிரியைக்கும் அதே தீர்மானத்தில் வழி செய்க. செய்தித்தாளில் வெட்டிய அளவு மாதிரிகளை வயதுவாரியாகக் கட்டி மகளிர் குழுவின் பொறுப்பில் வைக்கலாம். அதற்குச் செலவு அற்பமே. வரும் கோடை விடுமுறைக்குள் ஊருக்கு இரு பெண்களேனும் தாமே அளந்து, தாமே வெட்டி, தம் பிள்ளைகளுக்கு உடை தைப்பாராயின், உறையிட்ட இயந்திரங்கள் தாமே ஓடத் தொடங்கும்.