சல்லிசா ஒரு போர்ஷேவா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு!

"ரெண்டு வருஷமா ஓட்டல சார், பேட்டரி மாத்தினா போதும்"னு விக்கிறவர் சொன்னதுமே நீ மனசுக்குள்ள ஈசிஆர்ல பறக்க ஆரம்பிச்சிருப்ப. புது எஸ்யூவி விலைக்குப் பழைய பாக்ஸ்டர்னா யாருக்குத்தான் ஆசை வராது? ஆனா தம்பி, விலை இறங்கினது காருக்கு மட்டும்தான். பார்ட்ஸும் லேபரும் இன்னைக்கும் போர்ஷே ரேட்டுதான். அதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படி.

1. முதல்ல பேப்பர், அப்புறம்தான் பெயின்ட். வண்டி நம்பரை வாங்கி வீட்ல இருந்தே பரிவாகன்ல போட்டுப் பாரு. ஹைப்பாதிகேஷன் இருக்கா, எத்தனாவது ஓனர், ஆர்சி எந்தத் தேதி வரைக்கும், ஃபைன் பாக்கி எவ்வளவு, எல்லாம் பத்து நிமிஷ வேலை. டெல்லி வண்டின்னா இன்னும் உஷாரா இரு. பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம்னு அங்க கெடுபிடி. விலை மலிவா இருக்க அதுவும் ஒரு காரணம். என்ஓசி கைக்கு வராம பணத்தை நீட்டாத. இங்க ரோடு டாக்ஸ் தனியா கட்டணும், அதையும் விலையோட கூட்டிப் பாரு.

2. ஆறின இன்ஜினைத்தான் ஸ்டார்ட் பண்ணணும். "நான் வர்றதுக்குள்ள ஓட்டி வைக்காதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடு. போனதும் முன் பானெட்டைத் தொட்டுட்டு "ஜில்லுன்னு இருக்கே"ன்னு ஏமாந்துடாத. பாக்ஸ்டர்ல இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி! சைலன்சர் பைப்பைத் தொட்டுப் பாரு. படுக்கை வாட்டத்துல இருக்கற இன்ஜின், அதனால ஸ்டார்ட் ஆனதும் குப்புன்னு கொஞ்சம் நீலப் புகை வந்து அடங்கிட்டா பரவாயில்ல. அடங்காம வந்துட்டே இருந்தா நீ கிளம்பலாம்.

3. அந்த ஒரு பேரிங். இதைத்தான் முக்கியமா கேட்கணும். 2008 மாடல் வரைக்குமான பாக்ஸ்டர் இன்ஜினுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட் ஒண்ணு இருக்கு, அதோட நுனியில ஒரு பேரிங். 'ஐஎம்எஸ் பேரிங்'னு சொன்னா விஷயம் தெரிஞ்ச மெக்கானிக் உடனே தலையாட்டுவார். அது உடைஞ்சா வால்வும் பிஸ்டனும் மோதி மொத்த இன்ஜினும் காலி. 2005 வாக்குல வரைக்கும் வந்ததுல கியர்பாக்ஸைக் கழட்டினாலே மாத்திடலாம், கிளட்ச் மாத்தும்போது சேர்த்துப் பண்ணிடு. அதுக்கப்புறம் வந்ததுல பேரிங் பெருசு, சீக்கிரம் போகாது; ஆனா மாத்தணும்னா இன்ஜினையே பிரிக்கணும். 2009 மாடல்ல இருந்து இந்த ஷாஃப்டே கிடையாது. "மாத்தியாச்சு"ன்னு வாயால சொன்னா போதாது, பில் வேணும். பில் இல்லன்னா ஆயில் ஃபில்டரை அறுத்துப் பேப்பரை விரிச்சுப் பாக்கச் சொல்லு. மடிப்புல மினுக்மினுக்னு இரும்புத் தூள் இருந்தா அந்த வண்டி வேண்டாம். "பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு"ன்னு பெருமை அடிப்பாங்க. சும்மா நின்ன வண்டிக்கு அது பெருமையே இல்ல.

4. கார்பெட்டைக் கையால அழுத்து. துணிக் கூரை வண்டியில மழைத்தண்ணி வடியறதுக்கு ஓட்டை இருக்கும். மரத்தடியில நின்னா இலைக்குப்பை அடைச்சு, தண்ணி உள்ள இறங்கிடும். பழைய மாடல்ல லாக், அலாரத்துக்கான கன்ட்ரோல் பாக்ஸ் சீட்டுக்கு அடியிலயேதான் இருக்கு. அது நனைஞ்சா சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. சென்னை வண்டின்னா 2023 டிசம்பர் வெள்ளத்தையும் மறந்துடாத. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு, சேத்துக்கோடு தெரியுதான்னு பாரு. யாரும் அங்க கழுவ மாட்டாங்க.

5. டயர்ல நாலு நம்பர். 2318னா 2018ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் அழியாம பளபளன்னு இருக்கும், ஆனா ரப்பர் செத்திருக்கும். மாத்தற செலவு உன் தலையில.

செய்யவே கூடாதது:

• புரோக்கரோட மெக்கானிக்கை நம்பறது. ஆளை நீயே கூட்டிட்டுப் போ, காசு குடுத்து.

• இன்ஜின் லைட் எரியலன்னு சந்தோஷப்படறது. சாவி போட்டதும் ஒருதரம் எரிஞ்சு அணையணும். எரியவே இல்லன்னா யாரோ கைவெச்சிருக்காங்க.

• இருக்கற காசு மொத்தத்தையும் விலைக்கே குடுக்கறது. மூணுல ஒரு பங்கையாவது ரிப்பேருக்குன்னு ஒதுக்கு. டயர், பேட்டரி, பிரேக் ஆயில், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் முதல் மாசமே கேட்கும்.

• மாசக்கணக்கா நின்ன வண்டியை ஜம்பர் கேபிள் போட்டு அவர் வாசல்லயே ஸ்டார்ட் பண்ணச் சொல்றது. டேங்க்ல பழைய பெட்ரோல், எலி கடிச்ச வயர்னு என்னென்னவோ இருக்கும். டோ வண்டியில ஏத்தி உன் மெக்கானிக்கிட்ட அனுப்பச் சொல்லு, டோ காசு உன்னோடதுன்னு சொல்லிடு. அப்பவும் அவர் மழுப்பினா, வீட்டுக்கு வந்து சாப்பிடு. வேற வண்டி பாக்கலாம்.