நாம்சேயில் ஏன் தங்க வேண்டும்?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)



எவரெஸ்ட் என்ற பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? வெண்பனி போர்த்திய சிகரம். 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் அதன் உச்சியில் நின்ற டென்சிங், ஹிலாரி என்னும் இருவர். 1975-இல் பெண்களுள் முதல்வராக ஏறிய ஜப்பானின் ஜுங்கோ தாபெய். 1984-இல் ஏறிய நம் நாட்டுப் பச்சேந்திரி பால். இவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். ஆனால் இவர்கள் அனைவரும் சிகரத்துக்குச் செல்லும் வழியில் கடந்த ஓர் ஊரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எங்களுக்கும் இந்த ஆண்டுவரை தெரியாது. அவ்வூர் நேபாளத்தின் கும்பு பகுதியில், கடல் மட்டத்திலிருந்து 3,440 மீட்டர் உயரத்தில் உள்ள நாம்சே பஜார். ஷெர்ப்பா மக்கள் அதனை ‘நவுச்சே’ என்பர். நம் தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னும் 800 மீட்டர் ஏற்றி வைத்தால் அந்த ஊர் வரும்!

பள்ளிக் கண்காட்சிக்காக எவரெஸ்ட் அடிமுகாம் செல்லும் வழியைக் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் செய்யும் பொறுப்பு எங்கள் ஆறு பேருக்கு வந்தது. மாதிரியின் பக்கத்தில் வைக்க ஒரு பயண அட்டவணையும் எழுதினோம். நாங்கள் பார்த்த நூல்களில் எல்லாம் ‘மூன்றாம் நாள்: நாம்சேயில் ஓய்வு’ என்று இருந்தது. இவ்வளவு தொலைவு போய் ஒரு நாளை வீணாக்குவானேன் என்று அந்த வரியை நீக்கினோம். மேலே இன்னொரு ஓய்வு நாள் இருந்தது, அதையும் நீக்கினோம். ஆறே நாளில் அடிமுகாமை அடைந்துவிட்டோம், அட்டையில்தான்!

புவியியல் சிஸ்டர் அதைப் படித்துவிட்டுச் சிவப்பு மசியால் ஒரு கோடு போட்டார். “ஏம்மா, இந்த வேகத்தில் போனால் ஆறு பேரில் எத்தனை பேர் நடந்து திரும்பி வருவீர்கள்?” என்று கேட்டார். விடையைச் சொல்லவில்லை. “நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள்” என்று போய்விட்டார். அப்படித் தேடிக் கண்டதையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஊருக்குப் போகும் வழியைப் பார்ப்போம். நாம்சேக்கு மோட்டார் சாலை கிடையாது. பெரும்பாலோர் சிறு விமானத்தில் லுக்லா வந்து இறங்குவர். 1964-இல் ஹிலாரியின் முயற்சியால் அமைந்த அந்த ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர்தான். அதுவும் சமதளம் அன்று. நூறு மீட்டருக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு மீட்டர் வீதம் சரிந்திருக்கிறது. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு! மேகம் மூடினால் விமானம் வராது. ஆகவே கையில் இரண்டொரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளாமல் இப்பயணத்தைத் தொடங்கக் கூடாது என்பர். அக்டோபர், நவம்பர் மாதங்களும், மார்ச் முதல் மே வரையும் ஏற்ற காலங்கள்.

லுக்லாவிலிருந்து நடை. வியப்பு என்னவென்றால், முதல் நாள் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம். லுக்லா 2,860 மீட்டர்; இரவு தங்கும் பாக்டிங் 2,610 மீட்டர். வழி நெடுகத் தூத் கோசி என்னும் ஆறு கூடவே வருகிறது. ‘தூத்’ என்றால் பால். அதுவும் ஒரு பாலாறுதான்! (நம் பாலாற்றில் மணலைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, பனிமலை உருகி வெள்ளை நுரையோடு ஓடும் பாலாறு என்றதும் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.) மறுநாள் மொஞ்சோ அருகே சாகர்மாதா தேசியப் பூங்கா தொடங்குகிறது, 1976-இல் அமைந்து, 1979-இல் உலகப் பாரம்பரியக் களமானது இது. பிறகு ஆற்றுக்கு மேலே மிக உயரத்தில் ஒரு தொங்குபாலம். அதைத் தாண்டியதும் பைன் மரங்களின் நடுவே ஏறத்தாழ 600 மீட்டர் ஒரே ஏற்றம். நடுவழியில் ஒரு திருப்பத்தில், வானம் தெளிவாக இருந்தால், எவரெஸ்ட் முதன்முறையாகத் தலைகாட்டும்.

ஏற்றம் முடிந்ததும் ஊர். பாதியாக வெட்டிய கிண்ணத்தின் உட்புறத்தில் படிப்படியாக வீடுகளை அடுக்கினாற்போல் இருக்கும் என்று படங்களிலிருந்து அறிந்தோம். எதிரே கோங்டே மலை, கிழக்கே 6,608 மீட்டர் உயரமுள்ள தாம்செர்க்கு. முன்னாளில் திபெத்தியர் நாங்பா லா என்னும் 5,700 மீட்டருக்கு மேற்பட்ட கணவாயைக் கடந்து உப்பும் கம்பளியும் கொண்டுவந்து இங்கே தானியம் வாங்கிச் சென்றனர். அவ்வணிகம் குறைந்தபின்னும் சனிக்கிழமைச் சந்தை நின்றபாடில்லை. இன்று தங்கும் விடுதிகள், ரொட்டிக் கடைகள், மலையேறுவோருக்கான செருப்பு முதல் கயிறு வரை விற்கும் கடைகள் என ஊர் வளர்ந்துவிட்டது. கால்நடையாகவும் மலை ஏறவும் வருவோர் யாவருக்கும் இதுவே தளம். உணவைப் பற்றித் தோழியர் கவலைப்பட வேண்டாம்; சுடச்சுடப் பருப்பும் சோறும் கிடைக்கும்!

இனி அந்த ஓய்வு நாளுக்கு வருவோம்.

மலை உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்று நாம் எழுதுவது வழக்கம். அது முழுதும் சரியன்று. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். கடற்கரையில் உள்ள அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கே நாம்சேயில் இருக்கும். 5,364 மீட்டரில் உள்ள அடிமுகாமில் பாதிக்குச் சற்று மேல். எனவே ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைப்பதும் அந்த அளவே. உடல் உடனே வேகமாக மூச்சு விடத் தொடங்குகிறது. அப்போது கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அதைச் சரிசெய்வது சிறுநீரகத்தின் வேலை. அவ்வேலைக்குச் சில நாட்கள் வேண்டும். சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரங்கள் ஆகும். எவ்வளவு துணிவு உள்ளவராயினும் சிறுநீரகத்தை விரட்ட முடியாதல்லவா?

காத்திராமல் மேலே ஏறினால் முதலில் தலைவலி. அத்துடன் குமட்டல், பசியின்மை, சோர்வு, தூக்கமின்மை. இது மலைநோயின் முதற்படி. இத்துடன் நின்று இளைப்பாறினால் பெரும்பாலும் தானே நீங்கும். தலைவலியோடு மேலே போனால் மூளையில் நீர் கோத்துக் கால் தள்ளாடும், புத்தி தடுமாறும்; அல்லது நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இவ்விரண்டும் ஓரிரு நாளில், சில வேளை சில மணி நேரத்தில், உயிரைக் குடிக்கும். மருந்தும் ஆக்சிஜனும் துணை செய்யும். ஆனால் உண்மையான மருந்து உடனே கீழே இறக்குவதுதான், நள்ளிரவாயினும்.

தள்ளாட்டத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொல்வர். எங்கள் வகுப்பு வராந்தாவில் நாங்கள் ஆறு பேரும் நடந்து பார்த்தோம். சிரிப்பில் இருவர் தோற்றனர். மலையில் சிரிக்காமல் தோற்பவரைக் கீழே கூட்டிச் செல்ல வேண்டும்.

3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் இரண்டாம் இரவும் தூங்க வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த விதி. எங்கள் அட்டவணையை இதனோடு ஒப்பிட்டோம். பாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 830 மீட்டர்! மறுநாளே தெங்போச்சே, அதற்கடுத்த நாள் டிங்போச்சே 4,410, பின் லோபுச்சே 4,940. எங்குமே மூச்சு வாங்க இடமில்லை. சிஸ்டரின் சிவப்புக் கோட்டின் பொருள் அப்போதுதான் விளங்கியது.

நாங்கள் கற்பனையாகச் செய்த தவறைப் பலர் மெய்யாகவே செய்திருக்கின்றனர். 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், 4,243 மீட்டரில் உள்ள பெரிச்சே என்னும் இடத்தில் 278 பயணிகளை மருத்துவர்கள் சோதித்தனர். அவர்களுள் 53 விழுக்காட்டினருக்கு மலைநோய் இருந்தது. விமானத்தில் வந்து இறங்கியவர், வேகமாக ஏறியவர், வழியில் குறைந்த இரவுகள் தங்கியவர் ஆகியோருக்கே மிகுதி. இன்னொன்றும் கண்டனர்: இளையவர்களுக்கு இந்நோய் அதிகம்! நாம் சின்னப் பெண்கள், ஓடியாடிப் பழகியவர்கள், நமக்கென்ன என்று எண்ணியிருந்தோம். ஆணா பெண்ணா என்பதாலோ, சுமந்த சுமையின் அளவாலோ வேறுபாடு இல்லை என்றும் அவ்வாய்வு சொல்கிறது.

ஓய்வு நாள் என்றால் போர்த்திப் படுத்துக்கொள்வது என்று நினைத்தோம். அதுவும் தவறு. அன்று காலை ஊருக்கு மேலே ஷியாங்போச்சே மேட்டுக்கு ஏறி, 3,880 மீட்டர் வரை சென்று எவரெஸ்ட்டைப் பார்க்கலாம். அப்படியே கும்ஜுங் கிராமத்துக்குப் போய் 1961-இல் ஹிலாரி தொடங்கிய பள்ளியைக் காணலாம். 1966-இல் திறந்த குண்டே மருத்துவமனையும் அருகில்தான். மாலையில் மட்டும் நாம்சேக்கு இறங்கிவந்து தூங்க வேண்டும். பகலில் சற்று உயரத்தைக் காட்டி, இரவில் தாழ்வான இடத்தில் உடலை வேலை செய்ய விடுவது இந்த முறை.

சுமை என்றதும் ஒரு செய்தி. நாம்சேயின் அரிசியும் எண்ணெயும் விடுதியின் கண்ணாடிச் சன்னலும் பெரும்பாலும் மனிதர் முதுகில் வருகின்றன. கூடையை நெற்றிப்பட்டையில் தாங்கி நடப்பர். 2005-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, சந்தைக்கு முந்திய ஒரு நாளில் நாம்சே செல்லும் பாதையில் எண்ணியபோது ஆண்கள் 545 பேர், பெண்கள் 97 பேர் சுமையோடு சென்றனராம். ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தனர். எங்களில் ஒருத்தியின் எடை 45 கிலோ. அவள் 30 கிலோ மூட்டையோடு நாட்கணக்கில் ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் பதினொரு வயதுச் சிறாரும் இருந்தார் என்று படித்தபோது எங்கள் குழுவில் சிறிது நேரம் பேச்சே இல்லை. அவர்கள் எப்படி ஏறுகிறார்கள் தெரியுமா? மிக மெதுவாக. செங்குத்தான இடத்தில் பதினைந்து வினாடி நடந்து, கூடையைக் கைத்தடிமேல் ஊன்றி நாற்பத்தைந்து வினாடி நிற்பதும் உண்டு. வெறுங்கையோடு வரும் பயணிதான் அவர்களை முந்திக்கொண்டு ஓடுகிறார்! ஷெர்ப்பாக்களின் உடல் தலைமுறை தலைமுறையாக உயரத்துக்கு ஏற்றதாய் அமைந்தது. ஆனால் சுமப்பவர் பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து கூலிக்கு வருவோர். அவர்களுக்கும் நம்மைப் போலவே மலைநோய் வரும். வந்தால் ஒரு நாள் கூலி போகுமே என்று சொல்லாமல் இருந்துவிடுவர்.

சொல்லாமல் இருப்பது என்பது எங்களுக்கும் தெரிந்ததே. சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவில் எங்கள் தோழி ஒருத்திக்கு முதல் நாளே காய்ச்சல். தன்னால் மற்றவர்கள் போக முடியாமல் போகுமோ என்று மறைத்துவிட்டாள். நாங்களும் அவள் முகத்தைப் பார்த்தோம்; “ஏன்டி, என்ன?” என்று ஒருமுறை கேட்டதோடு சரி. இரண்டாம் நாள் அருவிக்கரையில் மயங்கி விழுந்தாள். அங்கே மருத்துவர் அருகில் இருந்தார். பெரிச்சேயில் 1973 முதல் மருத்துவ நிலையம் இயங்குகிறது. பருவ காலத்தில் பயணிகளைக் கூட்டி வைத்து மலைநோய் பற்றி வகுப்பும் எடுக்கிறார்கள். ஆனாலும் தலைவலி இருப்பதை அவரவர் வாயால்தான் சொல்ல வேண்டும். கீழே இறங்க வேண்டியவரைத் தனியே அனுப்பக் கூடாது, ஒருவர் கூடவே போக வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. எங்களில் யார் யாருடன் இறங்குவது என்று அன்று மாலையே பேசி முடிவு செய்தோம். போகப் போவதென்னவோ இல்லை!

புதிய அட்டை எழுதினோம். இப்போது ஏற்றத்துக்கு எட்டு நாட்கள். நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போச்சேயில் இரண்டு இரவு. இறங்குவதற்கு மூன்றே நாட்கள் போதும். காற்று தடிக்கத் தடிக்கக் கால்கள் தாமே ஓடுமாம். கண்காட்சியன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் களிமண் மலையைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு சிறுமி மட்டும் அட்டையைப் படித்துவிட்டு, “அக்கா, மூன்றாம் நாளும் நாம்சே என்றே போட்டிருக்கிறீர்களே, தப்பா?” என்று கேட்டாள். அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய், குதிகாலை விரலோடு ஒட்டி நடக்கச் சொன்னோம்.