கவுன்சலிங் போகப் போறீங்களா? முதல் செஷனுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுடுவோம்

எஸ்ஐபி, டெர்ம் இன்சூரன்ஸ் பேசுற இடத்துல இன்னிக்கு மனநலக் கவுன்சலிங்கான்னு யோசிக்காதீங்க. ஒவ்வொரு ரிட்டர்ன் சீசனிலும், எல்லாப் பேப்பரையும் கொடுத்து முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும்: "கவுன்சலருக்குக் கட்டுற ஃபீஸுக்கு வரிக் கழிவு உண்டா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுவாகக் கிடையாது. 80டி என்று நாம் பழகிய கழிவு, முக்கியமாக ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கும், அதற்குள்ளேயே 5,000 ரூபாய் வரை உடல் பரிசோதனைக்கும் உரியது. அதுவும் பழைய வரி முறையில் மட்டும். உங்கள் கவுன்சலிங் ஃபீஸ் முழுக்க முழுக்க வரி கட்டிய பிறகு கையில் நிற்கும் பணத்திலிருந்து போகிறது. அதனால் அது எங்கே, யாரிடம், எவ்வளவு நாளுக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில், யாரிடம்? சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார், பதிவு எண்ணைக் கேட்கலாம். குழப்பம் மூன்றாவது ஆளிடம்தான். "கவுன்சலர்" என்று போர்டு வைக்க, எங்கள் சிஏ தொழில் மாதிரி ஒரே பரீட்சை, ஒரே உறுப்பினர் எண் என்ற நடைமுறை இன்னும் வேரூன்றவில்லை. எம்எஸ்சி சைக்காலஜி படித்து, சீனியரின் கண்காணிப்பில் பல வருடம் வேலை பார்த்த அருமையான கவுன்சலர்களும் உண்டு. வார இறுதி சர்டிஃபிகேட் கோர்ஸ் முடித்தவர்களும் உண்டு. "என்ன படிச்சிருக்கீங்க, எத்தனை வருஷமா பார்க்குறீங்க?"ன்னு கேளுங்க. நல்ல கவுன்சலர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

இப்போ செலவு. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் ஃபீஸ் மாறும். ஒரு செஷன் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை போனால் 13 செஷன், 19,500 ரூபாய். அடுத்த மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஆறு செஷன், 9,000. ஆக 28,500. மாதத்துக்குப் பிரித்தால் 4,750. கேட்டதும் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் இப்படி மொத்தமாகப் போட்டுப் பார்க்காமல் "முதல்ல ஒண்ணு போய்ப் பார்ப்போம்" என்று ஆரம்பிப்பவர்கள், நாலாவது செஷனில் பேங்க் பேலன்ஸைப் பார்த்து நிறுத்திவிடுவதுதான் எனக்கு வருத்தம். பேச்சு அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். ஆறு மாதத்துக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு உள்ளே போங்க. எமர்ஜென்சி ஃபண்டில் இருந்து எடுக்கலாமான்னா, தாராளமா எடுக்கலாம். தூக்கம் போய், வேலையும் போற நிலைமைக்கு வந்தா அது எமர்ஜென்சி இல்லையா?

பேக்கேஜ் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். "பத்து செஷனுக்கு இப்பவே கட்டினா தள்ளுபடி" என்றால், முதல் இரண்டு மூன்று செஷன் தனித்தனியாகக் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க. பாதியில் நிறுத்தினால் மீதி திரும்ப வருமா என்று வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்குங்க. கடைசி நேரத்தில் கேன்சல் செய்தால் முழு ஃபீஸ் எடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். உங்களுக்காக ஒதுக்கிய நேரத்தில் அவர் வேறு யாரையும் பார்க்க முடியாது, அதனால் அதில் தப்பில்லை.

முதல் செஷன் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை போகும். ஒரு ஃபார்ம் கொடுப்பார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு நம்பர் கேட்பார். அப்பா, அம்மா, தூக்கம், சாப்பாடு, வேலை, ஏன் இப்போது வந்தீர்கள் என்று கேள்விகள் போகும். பெரும்பாலும் நீங்கள்தான் பேசுவீர்கள். "ரிசைன் பண்ணிடுங்க", "கல்யாணத்துக்கு ஓகே சொல்லிடுங்க" என்றெல்லாம் தீர்ப்பு வராது, வரவும் கூடாது. வெளியே வரும்போது பாரம் குறைவதற்குப் பதிலாக அசதியாக இருக்கலாம். செஷன் முடிந்து பத்தாவது நிமிடத்தில் கிளையன்ட் கால் வைத்துக்கொள்ளாதீங்க. ஆன்லைன் என்றால் பிஜி ரூம்மேட் இல்லாத நேரமாகப் பாருங்க. நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து பேசுபவர்கள்கூட இருக்கிறார்கள். தமிழில் பேசணும்னா புக் பண்ணும்போதே கேட்டுடுங்க, அழுகை வரும்போது யாரும் இங்கிலீஷில் அழுவதில்லை.

ஒன்று சொல்ல மறக்காதீங்க: கடன். குடும்பம், காதல் எல்லாம் சொல்லிவிட்டு லோன் ஆப் பாக்கியையும் கிரெடிட் கார்டு பாக்கியையும் மறைப்பவர்கள் நிறைய. ராத்திரி இரண்டு மணிக்கு விழிக்க வைப்பது இஎம்ஐ என்றால், கவுன்சலர் உங்கள் சிறுவயதைத் தோண்டிக்கொண்டிருப்பதில் என்ன பயன்? அவர் கணக்கைச் சரிசெய்ய மாட்டார்தான், ஆனால் கணக்கைத் திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறதே, அந்தப் பயம் அவருடைய பாடம்.

ரகசியம் வெளியே போகுமா? உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து, அல்லது கோர்ட் உத்தரவு, இப்படிச் சில விதிவிலக்குகள் தவிர வெளியே போகக் கூடாது. அந்த எல்லைகளை முதல் நாளே சொல்லச் சொல்லிக் கேளுங்க.

இன்சூரன்ஸ் பக்கம் வருவோம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் பாலிசி மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும்; ஓபிடி கவர் தனியாக இல்லையென்றால் வாராந்திரச் செஷன் அதில் வராது. "கவுன்சலிங் போனா நாளைக்கு பாலிசி கிடைக்காதோ?" என்று பயந்து போகாமல் இருப்பவர்களும் உண்டு. புதுப் பாலிசி ஃபார்மில் மனநோய், மருந்து பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடலாம், காத்திருப்புக் காலம் வரலாம். மறைத்துவிட்டு, நாளைக்கு க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அந்த நஷ்டம் இதைவிட எத்தனையோ மடங்கு.

காசு கட்டும் முன் உங்கள் ஹெச்ஆர் போர்ட்டலையும் ஒருமுறை பாருங்க. பல கம்பெனிகள் ஊழியர் உதவித் திட்டத்தில் சில செஷன்களை இலவசமாகத் தருகின்றன, யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உங்கள் பெயர் கம்பெனிக்குத் தெரியுமா என்பதை அந்தத் திட்டத்தின் விதிமுறையில் படித்துவிட்டுப் பயன்படுத்துங்க. சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வெளிநோயாளிப் பிரிவும் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுடலாம்னு ஒரு நினைப்பு வந்தா, அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம அந்த நம்பரை அப்பவே கூப்பிடுங்க.