கொதிக்கிற தண்ணீரில் குடித்தனம்

கேள்வி: வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவை முதலில் கண்டுபிடித்தது யார்?

பதில்: 'யார்' அப்புறம் வரட்டும். முதலில் ஒரு புரளியை ஒழித்துவிடலாம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றின் கரையோரம் படிந்திருக்கும் மஞ்சளையும் ஆரஞ்சையும் பார்த்து, 'எல்லாம் கந்தகம், இரும்புத்துரு' என்று கூட வந்தவருக்கு விளக்கம் சொல்லாத ஆளே கிடையாது. பெரும்பாலும் தப்பு. கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றைச் சுற்றியுள்ள வண்ணங்கள் நுண்ணுயிர்ப் படலங்கள். நடுவில் தெரியும் நீலம்தான் வெறும் தண்ணீர். அங்கே சூடு அதிகம், நிறமுள்ள கூட்டம் அண்டாது.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிராக் 1964இல் அங்கே போய் இந்தக் காட்சியில் சொக்கிப்போனார். பிறகு அவர் கையாண்ட உபகரணம் மலிவானது: நூலில் ஒரு கண்ணாடிச் சில்லைக் கட்டிக் கொதிக்கும் ஊற்றுக்குள் தொங்கவிடுவது. சில நாள் கழித்து எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், சில்லு முழுக்கப் பாக்டீரியா!

1966இல் அவரும் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அங்குள்ள மஷ்ரூம் ஊற்றின் மாதிரியிலிருந்து ஒன்றைப் பிரித்து வளர்த்தார்கள். 70 டிகிரி செல்சியஸ் அதற்குச் சொர்க்கம். 1969இல் சூட்டிய பெயர் தெர்மஸ் அக்வாடிகஸ். அதே இனம் எரிமலை வாடையே இல்லாத இண்டியானாவில், குழாய் வெந்நீரிலும் அகப்பட்டது. பின்னர் சலவை நிலையங்களின் வெந்நீர்த் தொட்டிகளில் தேடியபோதும் வெப்ப விரும்பிகள் சிக்கின. விஞ்ஞானத்தில் பாதி அடுப்படியிலும் சலவைக்கடையிலும் ஒளிந்திருக்கிறது என்பது இந்தப் பகுதியின் நெடுநாள் கட்சி. நம்புகிறவர்தான் குறைவு.

கேள்வி: அதனால் யாருக்கு என்ன லாபம்?

பதில்: கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அந்த பி.சி.ஆர். சோதனையை வேலைக்கு ஆகும்படி செய்தது இந்தப் பாக்டீரியாவின் 'டாக்' நொதி. அது டி.என்.ஏ.யைச் சுற்றுச் சுற்றாக நகலெடுக்கும் முறை. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். பழைய நொதி அதில் செத்துப்போகும். சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற ஒருவர் காவல் இருக்கவேண்டும். டாக் அசரவில்லை. பி.சி.ஆர். உரிமை 1991இல் 30 கோடி டாலருக்குக் கைமாறியது. முறையை உருவாக்கிய கேரி முல்லிஸுக்கு 1993இல் நோபல். மாதிரியைப் பொதுச் சேமிப்பகத்தில் கொடுத்திருந்த பிராக்குக்கும், ஊற்றுக்குச் சொந்தக்காரரான பூங்காவுக்கும் அந்தப் பணத்தில் நயாபைசா இல்லை.

கேள்வி: குளிக்கிற வெந்நீரில் இவை இருந்தால் ஆபத்தா?

பதில்: 40 டிகிரிக்குக் கீழே தெர்மஸ் அக்வாடிகஸ் வளராது. நம் உடம்பு அதற்கு ஃபிரிட்ஜ் மாதிரி. முடி கொட்டுமா என்று கேட்பவர்கள் அடுத்த பக்கத்து டாக்டரை அணுகவும்.

கேள்வி: ஜெல்லியில் போடும் கடற்பாசி ஆய்வகத்திலிருந்து வந்தது என்கிறார்களே?

பதில்: தலைகீழ்! அடுப்படியிலிருந்து ஆய்வகத்துக்குப் போனது. 1881 வாக்கில் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸி பாக்டீரியா வளர்த்த ஜெலட்டின் தட்டுகள் வெயிலில் உருகி ஓடின. சமையலில் அகார் என்கிற இந்தக் கடற்பாசியைச் சேர்த்துப் பழகிய மனைவி ஃபேன்னி அதையே போடச் சொன்னார். ராபர்ட் கோக் வரை எல்லோரும் அதற்கு மாறினார்கள். பார்த்தீர்களா, அடுப்படி! ஆனால் அகாரும் 85 டிகிரியில் இளகிவிடும். கொதிநீர்வாசிகளை வளர்க்க ஜெல்லான் என்ற பசையைப் போடுகிறார்கள். அதைச் சுரப்பதும் ஒரு பாக்டீரியாதான்.