ஓவியம் படிச்சா சோறு கிடைக்குமா?

போன மாதம் மண்புழு உரம் பற்றி எழுதின அதே நான்தான். இந்த மாதம் எனக்கு "மேற்படிப்பு" என்ற தலைப்பு வந்தது. எல்லாப் படிப்பையும் பற்றிப் பொதுவாக எழுதச் சொன்னார்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஒரே ஒரு படிப்பைப் பற்றித்தான் சண்டை. அதனால் அதையே எழுதுகிறேன்.

என் பெரியம்மா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அக்கா ரொம்ப நன்றாக வரைவாள். (இந்தத் தாளின் ஓரத்தில் உள்ள மயில் அவள் வரைந்தது. வால் பக்கம் கலர் அடித்துக் கெடுத்தது நான்.) அவளுக்கு ஓவியம் படிக்க ஆசை. பெரியப்பா, "பி.காம். சேரு. டவுன் பஸ்ல போயிட்டு வந்துடலாம். முடிச்சதும் பேங்க் பரீட்சை எழுதலாம்" என்கிறார். கடைசியில் எப்பவும் எங்கள் மாமாவைக் காட்டுவார். "அவன் வரையாத படமா? இப்ப என்ன பண்றான் பாரு!"

மாமா துறையூரில் போர்டு எழுதியவர். சாக்பீஸ் தூள் தடவின நூலைப் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டு, அதற்குள் எழுத்து எழுதுவார். கடை போர்டு, சுவர் விளம்பரம், லாரி நம்பர், தேர்தல் சின்னம் எல்லாம் எழுதியிருக்கிறார். பிறகு ஃபிளக்ஸ் மெஷின் வந்தது. இரண்டு நாள் வேலையை அது ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டது. இப்போது மாமா வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கக் கூலிக்குப் போகிறார்.

நானும் பெரியப்பா சொல்வதுதான் சரி என்று நினைத்தேன். இந்தக் கட்டுரைக்காக மாமாவிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது. "மெஷின் தானா வரையாது பாப்பா. கம்ப்யூட்டர்ல ஒருத்தன் உட்கார்ந்து டிசைன் பண்ணித்தான் குடுக்கணும். அதைச் சொல்லித்தர எனக்கு ஆள் இல்ல. ஆறாவதோட நின்னுட்டேன்" என்றார். மாமா வேலை போனது வரைந்ததாலா, படிக்காததாலா? இதைப் பெரியப்பாவிடம் கேட்கணும் என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இனி பாடத்துக்கு வருகிறேன். முதலில் நான் செய்த தவறு. "ஆர்ட்ஸ் காலேஜ்" என்றால் ஓவியம் சொல்லித்தருவார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே இருப்பது தமிழ், வரலாறு, பொருளாதாரம் எல்லாம். ஓவியத்துக்குப் பெயர் கவின் கலைக் கல்லூரி. அரசுக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. சிற்பத்துக்கு மாமல்லபுரத்தில் தனிக் கல்லூரி உண்டு. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். பட்டத்தின் பெயர் பி.எஃப்.ஏ., நான்கு வருடம். சேர்வதற்கு வரைந்து காட்டும் நுழைவுத்தேர்வு உண்டு. ஓவியம் மட்டும் இல்லை. சிற்பமும், விளம்பரம் புத்தகம் இதற்கெல்லாம் டிசைன் செய்யும் காட்சிவழித் தகவல் வடிவமைப்பும் உண்டு. மாமா சொன்ன கம்ப்யூட்டர் வேலை இதில்தான் வருகிறது.

சென்னைக் கல்லூரியை 1850-ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். 1852-ல் அரசு எடுத்துக்கொண்டு "தொழிற்கலைப் பள்ளி" என்று பெயர் வைத்தது. பெயரிலேயே தொழில் இருக்கிறது, கவனியுங்கள். மெரினா உழைப்பாளர் சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், நான்கு பேர் பாறையை நகர்த்துவார்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இந்தக் கல்லூரியின் முதல்வர். அவருக்குப் பிறகு முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966-ல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். படம் விற்றா சாப்பிட்டார்கள்? பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கினார்கள்.

நம்ம துறையூர்ப் பக்கமே ஒருவர் உண்டு. கீரம்பூரில் 1938-ல் பிறந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகச் சம்பள வேலை பார்த்தார். வேலையும் பார்த்தார், காந்தியை விதவிதமாகக் கோட்டோவியமாகவும் வரைந்தார். கி. ராஜநாராயணன் எழுத்துகளுக்குப் படம் போட்டவரும் இவரே. இதை வாசித்ததும் அக்கா கீரம்பூர் பஸ்ஸைப் பார்த்தாலே சிரிக்கிறாள்.

ஆனால் பெயர் வாங்கினவர்களை மட்டும் எழுதினால் அது ஏமாத்து வேலை. அவர்கள் பக்கத்து பெஞ்சில் படித்து, பெயர் வாங்காமல் போனவர்களும் இருப்பார்கள். ஓவிய ஆசிரியர் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி இவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். மாமா பெயிண்ட் அடிக்கிற கூலியோடு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பேசாததுதான் பயமாக இருந்தது.

அப்புறம் செலவு. பி.காம். மூன்று வருடம், வீட்டுச் சாப்பாடு. பி.எஃப்.ஏ. நான்கு வருடம், கும்பகோணத்தில் தங்கணும். கலர், பிரஷ், சார்ட் எல்லாம் தீரத் தீர வாங்கணும். இதில் பெரியப்பா பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் அக்காவிடமே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் ஒரு விஷயம் எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாமல் இருந்தது. டீச்சர்தான் சொன்னார்கள். பேங்க் கிளார்க் தேர்வுக்குப் பி.காம். வேண்டும் என்பது இல்லை, எந்தப் பட்டமும் போதும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். ஆகவே ஓவியம் படித்தவளும் அந்தப் பரீட்சைகளை எழுதலாம். ஆனால் பி.காம். படித்தவள் பிற்பாடு மனசு மாறி ஓவியக் கல்லூரிக்குப் போகணும் என்றால் முதல் வருடத்திலிருந்துதான் தொடங்கணும். இதை நான் பெரியப்பாவிடம் சொன்னேன். இதற்கு மட்டும் தைரியம் வந்தது. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அப்ப ரெண்டுக்கும் அப்ளிகேஷன் போடச் சொல்லு" என்றார்.

போட்டாச்சு. பி.காம். இடம் கிடைத்துவிட்டது. கும்பகோணம் நுழைவுத்தேர்வு இனிமேல்தான். ஆளைப் பார்த்து வரையும் பயிற்சிக்காக அக்கா தினமும் சாயங்காலம் என்னைத் திண்ணையில் உட்கார வைக்கிறாள். அரை மணி நேரம் அசையக்கூடாது. இது வரைக்கும் பதினொரு படம் ஆகிவிட்டது, ஒன்றில்கூட என் மூக்கு சரியாக வரவில்லை. நேற்று பெரியப்பா பின்னாடி நின்று பார்த்துவிட்டு, "காது கொஞ்சம் மேல போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி