வேப்பஞ்சருகைக் கொளுத்தாதே

அன்புள்ள மருமகளே,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. கத்தரி நாற்று வேர் பிடித்துவிட்டது, தக்காளிக்குக் கொம்பு நட்டாயிற்று, மிளகாய் மட்டும் மதியமானால் துவண்டு தொங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். கடையில் வெள்ளி நிறத்தில் மல்ச்சிங் ஷீட் விற்கிறார்கள், வாங்கிப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். மூன்றாவது படத்தின் ஓரத்தில், பெருக்கிக் குவித்த வேப்பஞ்சருகும் அதன் பக்கத்தில் சாம்பல் திட்டும் தெரிகின்றன. இனிமேல் அதைக் கொளுத்தாதே. நீ கடையில் காசு கொடுத்து வாங்க நினைக்கிற மூடாக்கு அந்தக் குவியல்தான்.

மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கிறது. அதை அடுத்து வருவது திருச்சி வெயில். வெயில் ஏறுவதற்குச் சற்று முன்னால் மரம் தன் காலடியைத் தானே மூடிக்கொள்கிறது. நாம் விளக்குமாற்றோடு போய் அதைத் திறந்து வைத்துவிட்டு, சாயங்காலம் தண்ணீர் ஊற்றுகிறோம். கொல்லை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். வாசலுக்கும் முற்றத்துக்கும் அது சரி. செடி நிற்கும் மண்ணுக்கு அது சரியில்லை.

சித்திரை மதியத்தில் மூடாத மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். செருப்பில்லாமல் நம்மால் நிற்க முடியாத அந்த மண்ணில், மேலே அரை அடிக்குள்தான் மிளகாயின் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் இருக்கின்றன. மதியம் துவண்ட செடி மாலையில் நிமிர்ந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகும் தொங்கினால் பெரும்பாலும் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று பொருள். நீ தினமும் ஊற்றத்தான் செய்கிறாய். ஆனால் அதில் ஒரு பங்கை வெயில் குடித்துவிடுகிறது. மண்ணுக்கும் வெயிலுக்கும் நடுவில் சருகு கிடந்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும்.

மழையிலிருந்து மண்ணைக் காக்கவும் இந்தச் சருகு வேண்டும். வெறும் மண்ணில் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைத்துத் தெறிக்க வைக்கிறது. உடைந்த பொடி காய்ந்ததும் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். தெறித்த சேறு தக்காளியின் கீழ் இலைகளில் போய் ஒட்டும். மண்ணில் கிடக்கும் இலைக்கருகல் பூஞ்சை அதோடு சேர்ந்து செடியில் ஏறும். தக்காளியில் நோய் பெரும்பாலும் அடி இலையில் தொடங்கி மேலே போவதைப் பார்த்திருப்பாய், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எதைப் போடுவது? யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, உன் கொல்லையிலோ தெருவிலோ சும்மா கிடைப்பதைப் போடு என்பதுதான். நெடுந்தொலைவிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவரும் மூடாக்கு ஒரு முறைதான் வரும். மூடாக்கோ மட்கிக் குறைந்துகொண்டே இருப்பது, திரும்பத் திரும்பப் போட வேண்டியது. குறைகிறதே என்று வருத்தப்படாதே. குறைந்ததெல்லாம் மண்ணுக்குள் உணவாகப் போயிருக்கிறது.

அடுத்து, கையிலிருக்கும் பொருள் சீக்கிரம் மட்குமா, மெதுவாக மட்குமா என்று பார். பச்சைத் தழை சீக்கிரம் மட்கும். கிளைரிசிடியா, எருக்கு, கொழிஞ்சி, ஆவாரை, புங்கன் எல்லாம் இந்த வகை. தழைச்சத்து நிறைய உண்டு, ஆனால் சில வாரங்களிலேயே காணாமல் போய்விடும். வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த ஓலை, மரத்தூள் போன்றவற்றில் கரிமச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. அதனால் நாள் தாங்கும். இவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டுமே, அதை மண்ணிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மரத்தூளை மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டால் செடி மஞ்சளிப்பது இதனால்தான். மேலே பரப்பி விட்டால் இந்த இழுபறி, சருகும் மண்ணும் தொடுகிற மெல்லிய இடத்தோடு நின்றுவிடும், வேர்வரை போகாது. ஆகவே மூடாக்கை ஒருபோதும் கொத்தி உள்ளே தள்ளாதே. அடியில் கொஞ்சம் தொழுவுரமோ சாணக் கரைசலோ விட்டு, அதன்மேல் ஒரு கை பச்சைத் தழை, அதற்கும் மேலே காய்ந்தது என்று போட்டால் இரண்டு வகையின் நன்மையும் கிடைக்கும்.

உன் வீட்டில் வேம்பும் மாவும் தென்னையும் நிற்கின்றன. வேப்பிலைதான் இவற்றில் எனக்குப் பிடித்தது. சிறிய இலை, ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாது. தண்ணீரும் காற்றும் தாராளமாக உள்ளே போகும். மாவிலை அப்படியில்லை. தோல் போலத் தடித்திருப்பதால் நனைந்ததும் தகடு தகடாகப் படிந்து, மேலே விழும் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளிவிடும். காய்ந்த மாவிலையைச் சாக்கில் போட்டுக் காலால் மிதித்து நொறுக்கி, வேப்பஞ்சருகோடு கலந்து போடு.

தென்னையில் ஓலை, மட்டை, நார்க்கழிவு எல்லாமே உதவும். தென்னைக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு முறை சொல்கிறது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஆறடிக்கு, 100 உரிமட்டைகளை முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கலாம், இல்லாவிட்டால் காய்ந்த ஓலை 15 பரப்பலாம். அந்த 'முதுகு மேலே' என்பதை மறக்காதே. மல்லாந்து கிடக்கும் மட்டையில் மழைத்தண்ணீர் தேங்கும், டெங்குக் கொசு அதில் முட்டையிடும். நார்க்கழிவைப் பொறுத்தவரை, தேங்காய் நார் ஆலையிலிருந்து அப்படியே வருவதை வாங்கிப் போட்டுவிடாதே. பச்சை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். சிப்பிக்காளான் வித்திட்டு மட்கவைத்தால் அது 24-க்கு 1 என இறங்கும் என்பது அதே பல்கலைக்கழகத்தின் கணக்கு. உப்பும் இருக்கக்கூடும் என்பதால், மட்காததைத் தொட்டிச் செடிக்குப் போடுவதானால் இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டு அலசு.

வைக்கோல் அருமையான மூடாக்கு. ஆனால் மாடு தின்னும் நல்ல வைக்கோலைக் காசு கொடுத்து வாங்கிச் செடிக்குப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. போரின் அடியில் ஈரம் பட்டுக் கறுத்துப்போன வைக்கோலை மாடு முகராது, விவசாயிகள் சும்மாவே கொடுப்பார்கள். செடிக்கு அதுதான் மேல், பாதி மட்கியே வரும். ஜப்பானில் ஷிகோகு தீவில் இயற்கை வேளாண்மை செய்த மசானொபு ஃபுகுவோகா, தன் வயலின் வைக்கோல் முழுவதையும் வயலுக்கே திருப்பிக் கொடுத்தார். அதை அவர் நறுக்காமல், வரிசையாக அடுக்காமல், கண்டபடி வீசினார். வீசிய வைக்கோலில் இடைவெளி இருக்கும், விதைத்த பயிர் அதன் வழியே தலை நீட்டும். நீ வெண்டையோ அவரையோ விதைத்த பாத்தியில் வைக்கோல் போடும்போது இதை நினைத்துக்கொள். பாய் விரித்த மாதிரி போட்டால் முளை மேலே வராது.

நம் ஊரில் மூடாக்கைப் பற்றி மேடைக்கு மேடை பேசியவர் இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார். 2013 டிசம்பரில் அவர் மறைந்தார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் அவர் உருவாக்கிய வானகம் பண்ணை உனக்கு அதிக தூரமில்லை. விடுமுறையில் ஒரு நாள் போய்ப் பார். வறண்ட மண்ணை எப்படிப் பழக்குகிறார்கள் என்று நேரில் பார்ப்பது நான் எழுதுவதைவிட நல்லது.

போடக் கூடாதவையும் உண்டு. பூத்துவிட்ட பார்த்தீனியத்தையும், விதை பிடித்த எந்தக் களையையும் போடாதே. களைக்கொல்லி அடித்த வரப்புப் புல் வேண்டாம். நோய் வந்து பிடுங்கிய தக்காளிச் செடியை அதே பாத்தியில் பரப்பாதே. யூகலிப்டஸ் இலை மற்றச் செடிகளின் முளைப்பைத் தடுக்கும், அதை நடைபாதையில் போடு. கரும்பு ஜூஸ் கடைச் சக்கை இனிப்பாக இருப்பதால் எறும்பு மொய்க்கும், நன்றாகக் காயவைத்துக் கொண்டு வா. வெட்டிய பச்சைப் புல்லைக் கனமாகக் குவித்தால் சூடேறி, கொழகொழத்து நாறும். ஓரிரு நாள் உலர்த்தி ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவு.

இனி அந்த மல்ச்சிங் ஷீட். ஏக்கர் கணக்கில் தர்பூசணியோ மிளகாயோ போட்டு, அடியில் சொட்டுநீர்க் குழாய் ஓட்டும் விவசாயிக்கு அது பயன்படும். களையெடுக்கும் கூலி மிச்சம், தண்ணீரும் மிச்சம். உன் நான்கு பாத்திக்கு அது தேவையில்லை. அது மண்ணுக்கு ஒன்றும் தராது. ஒன்றிரண்டு பருவத்தில் கிழிந்து துணுக்காகும், அந்தத் துணுக்குகளை நீதான் உட்கார்ந்து பொறுக்க வேண்டும்.

போடுகிற விதத்துக்கு வருகிறேன். முதலில் களையை எடு. கோரைக்கும் அறுகுக்கும் மூடாக்கு ஒரு தடையே இல்லை. கோரை பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வரும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிடு. பிறகு பாத்தி முழுக்க நன்றாகத் தண்ணீர் விடு. காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறாய். ஈரம் இறங்கியதும் சருகைப் பரப்பு. காய்கறிப் பாத்திக்கு 3 அங்குலம் போதும். 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பாத்தி என்றால் ஏழரை கன அடி. 50 கிலோ அரிசிச் சாக்கில் ஏறத்தாழ 2 கன அடி பிடிக்கும், ஆக நான்கு சாக்கு. சருகு படிந்து பாதியாகிவிடும் என்பதால் இன்னும் இரண்டு சாக்கு நிரப்பித் தனியே வைத்துக்கொள்.

தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுவிடு. இதை எல்லாரும் கேட்பார்கள், செய்யும்போது மறப்பார்கள். ஈரச் சருகு தண்டில் ஒட்டிக் கிடந்தால் பட்டை ஊறி அழுகும். பப்பாளிக்கு இன்னும் தள்ளியே போடு. வாழை தாங்கிக்கொள்ளும், அதற்கு அதன் சருகையும் வெட்டிய மரத்தையுமே துண்டுபோட்டுப் போடலாம். கீரை விதைத்த பாத்தியை மூடவே மூடாதே. அந்தப் பொடி விதையால் சருகைத் தாண்டி வர முடியாது. நாற்று விரல் உயரம் வந்தபின் வரிசைகளுக்கு நடுவில் மட்டும் மெல்லியதாகத் தூவு.

போட்ட பிறகு, தினமும் மேலே தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிடு. கொஞ்சமாகத் தெளித்தால் சருகு மட்டும் நனையும், வேருக்கு ஒன்றும் போகாது. சருகை விலக்கி விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். இல்லையென்றால் அடிவரை இறங்கும்படி ஊற்று.

ஒரு மாதம் கழித்து ஓரிடத்தில் மெதுவாகத் தூக்கிப் பார். மேலே சருகு போட்டபடியே மொறுமொறுவென்று கிடக்கும். அதன்கீழ் பழுப்பேறி நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே பஞ்சு பிரித்த மாதிரி வெள்ளை இழைகள் ஓடும். பயப்படாதே, சருகை மட்கவைக்கும் பூஞ்சை அது, செடியைத் தொடாது. இன்னும் கீழே இலை எது, மண் எது என்று பிரிக்க முடியாது. கடுகு கடுகாக உருண்ட மண் தெரிந்தால் மண்புழு வந்துவிட்டது. பார்த்ததும் திரும்ப மூடிவிடு, புழுவுக்கு வெயில் ஆகாது.

உன் அம்மா 'பூச்சி பொட்டு அடையும்' என்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவள் சொல்வதைத் தட்டாதே. பூரானும் தேளும் ஒதுங்கத்தான் செய்யும். ஆகவே சுவரிலிருந்தும் கதவு நிலையிலிருந்தும் இரண்டடி தள்ளியே மூடாக்கு இருக்கட்டும், கரையானுக்கும் அதுதான் காப்பு. நடக்கிற வழியைப் பெருக்கி வை. சருகுக்குள் கையை விடுமுன் ஒரு குச்சியால் கிளறிவிடு. இருட்டியபின் அங்கே கை வைக்காதே. கரையான் காய்ந்து கிடக்கும் பொருளைத்தான் அதிகம் தேடி வரும். ஈரம் காத்து, பச்சைத் தழை கலந்து, அடியில் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு தூவினால் தொல்லை குறையும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் மூடாக்கைச் செடியிலிருந்து விலக்கி, ஓர் அங்குலமாகக் குறைத்துவிடு. வாரக்கணக்கில் ஈரம் நின்றால் வேர் மூச்சுமுட்டும், நத்தையும் கூட்டமாக அடையும். பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கண்டால் வெறுங்கையால் தொடாதே, அதன் உடம்பில் மனிதருக்கு ஆகாத நுண்புழு இருக்கலாம். கையுறை போட்டுப் பொறுக்கி, வாளியில் உப்புத் தண்ணீரில் போடு. உப்பைப் பாத்தியில் மட்டும் கொட்டிவிடாதே. விலக்கிய சருகை ஒரு மூலையில் குவித்து வைத்தால் தை மாதத்துக்குள் எருவாகியிருக்கும்.

போரடி வைக்கோல் இரண்டு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் உன் அப்பா இங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அதுவரை காத்திருக்காதே. இருக்கிற வேப்பஞ்சருகை மிளகாய்ப் பாத்திக்கு முதலில் போட்டுவிடு.

அன்புடன்,
அத்தை