கிரியாட்டினின் சரி, சிறுநீரைப் பார்த்தார்களா?

சிறுநீரகம் என்றாலே கிரியாட்டினின் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். சீவலப்பேரியில் என் தங்கைக்கும் அதை மட்டும்தான் பார்த்தார்கள். 0.8. "கிட்னி நல்லாருக்கு, உப்பைக் குறைங்க" என்று நீர் பிரிய மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். காலையில் முகம் அதைத்திருக்கும். சாயங்காலம் கொலுசைக் கழற்றினால் கணுக்காலில் அதன் தடம் பள்ளமாகக் கிடக்கும். சிற்றாறு தாமிரபரணியில் சேருகிற ஊராயிற்றே, "ஆத்துல குளிச்சு நீர் கோத்துட்டு" என்று சொந்தக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். சிறுநீர் நுரைக்கிறது என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் குளோமெருலஸ் என்ற நுண்வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. அவை பழுதாகிப் புரதம் கசியத் தொடங்கிய பிறகும் கழிவு நீக்கும் வேலை பல மாதம் ஒழுங்காக நடக்கலாம். அதுவரை கிரியாட்டினின் ஏறாது. லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் இப்படிப் புரதம் கசியும் சிறுநீரக நோயை அடையாளம் கண்டு 1827-இல் எழுதியபோது ரத்தப் பரிசோதனையை நம்பியிருக்கவில்லை. வீங்கியவர்களின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்தியில் காட்டினார், புரதம் திரிந்தது.

நாளுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போய், ரத்தத்தில் ஆல்புமின் இறங்கி, உடம்பு வீங்கினால் அது நெஃப்ராட்டிக். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் குறைவாகப் போய், பிரஷர் ஏறினால் நெஃப்ரைட்டிக். தொண்டைவலியோ சிரங்கோ வந்த சில வாரத்தில் பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு. சளி பிடித்த ஓரிரு நாளிலேயே சிறுநீர் சிவந்தால் ஐஜிஏ நெஃப்ரோபதியைச் சந்தேகிப்பார்கள்.

தங்கைக்குப் பிறகு சிறுநீரையும் பார்த்துப் பயாப்சி வேண்டும் என்றபோது, "ஊசி குத்துனா கிட்னி போயிரும்லா" என்று சொந்தக்காரர்கள் அதற்கும் தடை போட்டார்கள். நல்லவேளை, அவள் கேட்கவில்லை. மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்ற வடிகட்டி நோய் என்று தெரிந்ததும் சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்பது. லேபிள் இல்லாத சிவப்பழகு கிரீம்!

மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இதே நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதம் சார்ந்த வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். இத்தகைய கிரீம்களில் கலக்கிற பாதரசம்தான் வினை. கிரீமை நிறுத்தி, புரதக் கசிவைக் குறைக்கும் பிரஷர் மாத்திரையும் கொடுத்த பிறகு தங்கைக்கு வீக்கம் மெல்ல வடிந்தது. ஸ்டீராய்டு தேவைப்படவில்லை.

காலையில் கண் இமை அதைத்தால் சிறுநீரில் புரதமும் ரத்த அணுவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கூடவே பிரஷரும். பூசும் கிரீம், சாப்பிடும் லேகியம், வலி மாத்திரை எல்லாவற்றையும் டப்பாவோடு, அட்டையோடு எடுத்துப் போங்கள்.